முதலில் பதிந்தவருக்கே பெயர் சொந்தமா? டொமைன் பெயரும் வணிகக்குறியும்

சத்யம் இன்ஃபோவே என்ற பெயர் பலருக்கு மறந்திருக்கும். சிஃபி என்றால் நினைவுக்கு வரும். ஊர் ஊராக இணைய மையங்கள் பெருகியிருந்த காலத்தில் அவற்றில் பலவற்றின் பலகையில் இருந்த பெயர் அது. சத்யம், இன்ஃபோவே என்ற இரண்டு சொற்களின் எழுத்துகளைக் கோத்து அந்த நிறுவனமே உருவாக்கியது. 1999 ஜூனில் சிஃபிநெட் டாட் காம், சிஃபிமால் டாட் காம் போன்ற டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிப் பெயர்களை, அது பதிவு செய்துகொண்டது. பின்னாளில் சென்னை டைடல் பூங்காவில் தலைமையகத்தை அமைத்துக்கொண்டது. 2001 ஜூனில் வேறொரு நிறுவனம், நடுவில் ஓர் 'எஃப்' எழுத்தை மட்டும் கூட்டி, ஏறத்தாழ அதே பெயரை டாட் நெட்டில் பதிந்தது. 2002 மார்ச்சில் டாட் காமிலும் பதிந்தது.

இரண்டு முறையும் பதிவு தடையில்லாமல் நடந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்த ஏற்பாட்டில் ஆளே கிடையாது.

டொமைன் பெயர் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பார்த்தால் இது புரியும். இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் எண்களால் ஆன முகவரி உண்டு. எண்களை மனிதர்களால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் அவற்றுக்குப் பதிலாகப் பெயர்களைப் பயன்படுத்துகிறோம். டாட் காம் பெயர்களின் மூலப் பட்டியலை வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம் வைத்திருக்கிறது. டாட் இன் பெயர்கள் நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகத்தின் பொறுப்பில் உள்ளன. நமக்கு நேரடியாக விற்பவர்கள் பதிவாளர்கள் எனப்படும் நிறுவனங்கள். இந்தப் பெயர் முறை முழுவதையும் ஒருங்கிணைப்பது 1998-இல் தொடங்கப்பட்ட ஐகான் என்ற அமைப்பு. இத்தனை அடுக்குகள் இருந்தும் பெயர் வாங்குபவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பெயரை வேறு யாராவது ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களா? இல்லை என்றால், பணம் கட்டிய சில நிமிடங்களில் பெயர் உங்களுடையது. முந்தியவருக்கே பெயர் என்பதுதான் விதி.

வணிகக்குறி, அதாவது டிரேட் மார்க், முற்றிலும் வேறு தத்துவத்தில் இயங்குகிறது. ஒரு பெயரைப் பார்த்ததும் 'இது இன்னாருடைய சரக்கு' என்று மக்கள் நம்புகிறார்கள் அல்லவா, சட்டம் காப்பாற்றுவது அந்த நம்பிக்கையை. ஆகவே அந்த உரிமைக்கு எல்லைகள் உண்டு. எந்த நாட்டில், எந்தப் பொருளுக்கு அல்லது சேவைக்கு என்று பார்த்தே அது கொடுக்கப்படுகிறது. பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மதுரையில் ஒரு முருகன் ஜவுளிக்கடையும் சேலத்தில் ஒரு முருகன் உரக்கடையும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் மூன்று தலைமுறை வாழலாம். ஆனால் முருகன் டாட் காம் உலகத்துக்கே ஒன்றுதான். பலர் நியாயமாகப் பகிர்ந்துகொள்ளக்கூடிய பெயரை ஒருவருக்கு மட்டும் கொடுக்கும் இடமாக இணையம் அமைந்துவிட்டது. தகராறுக்கு வேர் இதுதான்.

இந்த ஓட்டையை மக்கள் வெகு சீக்கிரம் கண்டுகொண்டார்கள். 1994-இல் ஜாஷ்வா குவிட்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், பெரிய நிறுவனங்கள் இதை உணரவே இல்லை என்று காட்டுவதற்காக மெக்டொனால்ட்ஸ் டாட் காமைத் தன் பெயரில் பதிந்தார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள ஓர் அரசுப் பள்ளியின் கணினி வசதிக்காக 3,500 டாலர் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகே பெயரை ஒப்படைத்தார். அவர் தனக்காக எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்தவர்கள் அப்படி இல்லை. பெயர்களை நூற்றுக்கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டு, உரியவர் தேடி வரும்போது விலை சொல்வது ஒரு தொழிலாகவே ஆனது. ஆங்கிலத்தில் சைபர் ஸ்குவாட்டிங் என்கிறார்கள். பெயர்ப் பதுக்கல் என்று நாம் சொல்லலாம்.

சிஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது

சத்யம் இன்ஃபோவே பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை பெற்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. இரண்டு நிறுவனங்களின் தொழிலும் வேறு வேறு, ஆகவே குழப்பத்துக்கு இடமில்லை என்பது அதன் பார்வை. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. நீதிபதிகள் ரூமா பால், பி. வெங்கடராம ரெட்டி அமர்வு 2004 மே 6 அன்று தீர்ப்பளித்தது.

இந்தியாவில் டொமைன் பெயர்த் தகராறுகளுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டத்திலும் அதைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லப்படவில்லை. அதற்காகப் பெயரைப் பறிகொடுத்தவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. வழக்கறிஞர்கள் 'பாசிங் ஆஃப்' என்று அழைக்கும் பழைய கோட்பாடு ஒன்று இருக்கிறது. தன் சரக்கை அடுத்தவர் சரக்குபோலக் காட்டி விற்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அந்தக் கோட்பாடு டொமைன் பெயருக்கும் பொருந்தும் என்றார்கள் நீதிபதிகள். இணையத்தில் பெயர் என்பது முகவரி மட்டும் அல்ல, வணிகத்தின் அடையாளமும் அதுவே என்று ஏற்றுக்கொண்டார்கள்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம், எதிர்த்தரப்பு சொன்ன காரணத்தை நீதிமன்றம் சோதித்துப் பார்த்த விதம். தங்கள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் அந்தச் சொல்லை உருவாக்கினோம் என்று அவர்கள் சொன்னார்கள். நீதிபதிகள் அதை நம்பவில்லை. இரண்டு பெயர்களும் கண்ணுக்கும் ஒன்றுபோல் இருக்கின்றன, காதுக்கும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்றார்கள். தொழில் வேறு என்ற வாதமும் எடுபடவில்லை. இணையத்தில் ஒரு பெயரைத் தட்டி உள்ளே வருபவர்களில் எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள் அல்லர். தவறான வாசலில் வந்து நிற்பவர், 'இந்த நிறுவனம் நான் தேடியதை இப்போது விற்பதில்லை போலும்' என்று எண்ணித் திரும்பிவிடலாம். இழப்பு அங்கேயே நேர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். பாசிங் ஆஃப் வழக்கில் எதிராளியின் மனத்தில் கள்ளம் இருந்தது என்று நிரூபித்தே ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் பெயருக்கு மதிப்பு இருக்கிறது, மக்கள் குழம்ப வாய்ப்பு இருக்கிறது, அதனால் உங்களுக்கு இழப்பு உண்டு என்று காட்டினால் போதும். வணிகக்குறியைப் பதிவு செய்யாதவரும் இந்த வழியில் போகலாம். பெட்டிக்கடை முதல் பேரங்காடி வரை பெயரைப் பதிவு செய்யாமலேயே பல்லாண்டுகளாகத் தொழில் நடத்துபவர்கள் நிறைந்த நாட்டில் இது சாதாரண விஷயம் இல்லை.

சிஃபிக்கு முன்பே, 1999-இல், யாகூ இந்தியா டாட் காம் என்று பதிந்தவர்களுக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் இதே வழியில் தடை விதித்திருந்தது. 'எங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடர்பு இல்லை' என்று தளத்தில் ஓர் அறிவிப்புப் போட்டிருக்கிறோம் என்று அவர்கள் வாதிட்டார்கள். அது போதாது என்றது நீதிமன்றம். இன்றும் பலர் அந்த ஒற்றை வரி அறிவிப்பு தங்களைக் காப்பாற்றிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நீதிமன்றம் போகாமல் தீர்க்கும் வழி

நீதிமன்ற வழக்குக்குக் காலமும் பணமும் வேண்டும். அதோடு, பெயரைப் பதுக்கியவர் வேறு நாட்டில் இருந்தால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? இதற்காகத்தான் 1999-இல் ஐகான் யூடிஆர்பி என்ற ஒரே மாதிரியான தகராறுத் தீர்வு முறையைக் கொண்டுவந்தது. டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் பெயர் வாங்கும் ஒவ்வொருவரும் இதற்குக் கட்டுப்படுவதாக ஒப்பந்தத்திலேயே சம்மதிக்கிறார்கள். யாரும் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் அந்த நீண்ட ஒப்பந்தத்துக்குள் இதுவும் இருக்கிறது. புகார்களை விசாரிக்கும் அமைப்புகளில் பெரியது ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு. அண்மை ஆண்டுகளில் அங்கே மட்டும் ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வருகின்றன.

புகார் கொடுப்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும். அந்த டொமைன் பெயர் தன் வணிகக்குறியோடு ஒன்றாகவோ, குழப்பும் அளவுக்கு ஒத்தோ இருக்கிறது. வைத்திருப்பவருக்கு அந்தப் பெயர்மீது நியாயமான உரிமையோ அக்கறையோ இல்லை. அவர் அதைத் தீய நோக்கத்தோடு பதிந்திருக்கிறார், தீய நோக்கத்தோடு பயன்படுத்தியும் வருகிறார். மூன்றில் ஒன்று விழுந்தாலும் புகார் தோற்றுவிடும்.

முதல் கேள்வி பெரும்பாலும் எளிது. போராட்டமெல்லாம் மற்ற இரண்டில்தான், அதிலும் மூன்றாவதில்தான். மனத்தில் இருப்பதை எப்படி நிரூபிப்பது? நடத்தையை வைத்துத்தான். இந்த முறையின் கீழ் வந்த முதல் தீர்ப்பே அதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க மல்யுத்த நிறுவனம் ஒன்றின் முழுப் பெயரையும் டாட் காமில் பதிந்த ஒருவர், மூன்றே நாளில் அதை 1,000 டாலருக்கு வாங்கிக்கொள்ளும்படி அந்த நிறுவனத்துக்கே எழுதினார். 2000 ஜனவரியில் பெயர் நிறுவனத்துக்குப் போனது. அதே ஆண்டில் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் தன் பெயரை மீட்டார். அவர் பெயரைப் பதிந்தவர் வேறு பல நடிகர்களின் பெயர்களையும் சேர்த்து வைத்திருந்தது அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது. பாடகர் ஸ்டிங் தோற்றார். ஸ்டிங் என்பது ஆங்கிலத்தில் எல்லாரும் புழங்கும் சாதாரணச் சொல். அதை எடுத்தவர் பாடகரைக் குறிவைத்தார் என்று காட்ட முடியவில்லை.

பெயரை வாங்கிச் சும்மா வைத்திருந்தால் 'பயன்படுத்தியது' ஆகுமா? ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயரை டாட் ஆர்க்கில் பதிந்தவர் அதில் தளம் எதையும் வைக்கவில்லை. ஆனால் பெயர் நாடறிந்தது, பதிந்தவர் தன் அடையாளத்தை மறைத்திருந்தார், நேர்மையான பயன்பாடு எதையும் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. இப்படிப்பட்ட நிலையில் சும்மா இருப்பதும் தீய நோக்கப் பயன்பாடே என்று 2000-இல் நடுவர் முடிவு செய்தார். இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் முடிவு அது.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விதியும் உண்டு. வணிகக்குறி பிறப்பதற்கு முன்பே பதியப்பட்ட டொமைன் பெயரைத் தீய நோக்கத்தில் பதிந்ததாகப் பொதுவாகச் சொல்ல முடியாது. இல்லாத ஒன்றைக் குறிவைக்க முடியாதல்லவா? ஆனால், வரப்போவதை ஊகித்து முன்கூட்டியே மடக்கிப்போடுவது இதற்கு விதிவிலக்கு. இரண்டு நிறுவனங்கள் இணையப்போகின்றன என்று செய்தி வந்ததும் இரண்டு பெயர்களையும் ஒட்டிப் பதிந்தால் நடுவர்கள் அதைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். 2024 அக்டோபரில் ஜியோஹாட்ஸ்டார் டாட் காம் பற்றி நாடே பேசியதே, அதில் இந்தக் கேள்விதான் அடங்கியிருந்தது. டெல்லியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ஜியோ, ஹாட்ஸ்டார் தளங்களின் இணைப்பை எதிர்பார்த்துப் பெயரை முன்பே வாங்கி, அதற்கு ஈடாகக் கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவைக் கேட்டிருந்தார். விவகாரம் தீர்ப்புவரை போகவில்லை. படிப்புக்காகத்தானே கேட்டார் என்று பலர் அவர் பக்கம் பேசினார்கள். அந்தப் பரிவு எனக்கும் புரிகிறது. ஆனால் பணம் எதற்காகக் கேட்கப்பட்டது என்பதை விதி பார்ப்பதில்லை. உரிமையாளருக்கு விற்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு பதிந்தாரா என்றுதான் பார்க்கும்.

டாட் இன் பெயர்களுக்கு நிக்சி நடத்தும் ஐஎன்டிஆர்பி என்ற தனி முறை உண்டு. ஏறத்தாழ இதே மூன்று கேள்விகள்தான். முக்கிய வேறுபாடு, பதிந்ததிலோ பயன்படுத்தியதிலோ ஏதாவது ஒன்றில் தீய நோக்கம் இருந்தாலே இங்கே போதும். தீர்ப்பவர், இந்திய நடுவர் தீர்ப்பாயச் சட்டத்தின்படி செயல்படும் நடுவர்.

இந்த முறைகளில் கிடைப்பது பெரும்பாலும் பெயர் மட்டுமே. யூடிஆர்பியில் நட்ட ஈடு கிடையாது. பெயரை மாற்றித் தரவோ ரத்து செய்யவோதான் உத்தரவிட முடியும். நட்டம் கேட்க நீதிமன்றம்தான் கதி. அமெரிக்காவில் இதற்கென்றே 1999-இல் சட்டம் இயற்றி, ஒரு பெயருக்கு 1,000 டாலர் முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு விதிக்க வழி செய்தார்கள்.

சிறியவர் பக்கத்து நியாயம்

இதுவரை சொன்னதைப் படித்தால் டொமைன் வைத்திருப்பவர் எப்போதும் திருடர், நிறுவனம் எப்போதும் பாதிக்கப்பட்டவர் என்று தோன்றும். அது உண்மை இல்லை. ஊசி நிசான் என்பவரின் குடும்பப் பெயரே நிசான். அமெரிக்காவில் 1980-லேயே தன் பெயரில் தொழில் தொடங்கியவர். அப்போது நிசான் கார் நிறுவனம் அங்கே டாட்சன் என்ற பெயரில்தான் வண்டி விற்றுக்கொண்டிருந்தது. 1994-இல் தன் கணினித் தொழிலுக்காக நிசான் டாட் காமைப் பதிந்தார். 1999-இல் நிசான் மோட்டார் 1 கோடி டாலர் கேட்டு அவர்மீது வழக்குப் போட்டது. ஆண்டுக்கணக்கில் நடந்த அந்த வழக்கு அவருடைய பணத்தையும் உழைப்பையும் தின்றது. ஆனாலும் அவர் விடவில்லை. 2020-இல் கொரோனாவில் அவர் இறக்கும்வரை அந்தப் பெயர் அவரிடமே இருந்தது.

சொந்தப் பெயரில் நேர்மையாகத் தொழில் செய்வது, ஊர்ப் பெயரையோ பொதுச் சொல்லையோ அதன் பொருளிலேயே பயன்படுத்துவது, ஒரு நிறுவனத்தை விமர்சிக்க லாப நோக்கமில்லாத தளம் நடத்துவது போன்றவற்றை நியாயமான அக்கறையாகக் காட்ட வழி இருக்கிறது. பார்சிலோனா டாட் காமை 2000-இல் நடுவர் அந்நகர மாநகராட்சிக்குக் கொடுத்தார். 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. நடுவர் முடிவே இறுதி இல்லை. தோற்றவர் 10 வேலை நாள்களுக்குள் உரிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துவிட்டால் பெயர் மாற்றம் நிறுத்தி வைக்கப்படும்.

தனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தே அடுத்தவர் பெயரைப் பிடுங்கப் புகார் கொடுப்பதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: தலைகீழ்ப் பெயர்க் கடத்தல். அப்படிச் செய்த நிறுவனத்தை நடுவர் தீர்ப்பில் கண்டிக்கலாம். கண்டனத்தோடு சரி, அபராதம் இல்லை. இது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. 1,500 டாலர் கட்டிப் புகார் கொடுப்பது பெரிய நிறுவனத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆங்கிலத்தில் வந்த சட்ட ஆவணத்தைப் பார்த்துத் திகைக்கும் சிறு வியாபாரிக்கோ அது உலகமே இடிந்து விழுந்த மாதிரி. பயந்துபோய்ப் பதில் எழுதாமல் விடுபவரே பெரும்பாலும் தோற்கிறார். பதில் சொல்லக் கிடைப்பது 20 நாள். பதில் சொல்ல யூடிஆர்பியில் கட்டணம் எதுவும் இல்லை. மூவர் அடங்கிய குழு வேண்டும் என்று நீங்களே கேட்டால்தான் செலவில் பங்கு கட்ட வேண்டிவரும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. எப்போது தொழில் தொடங்கினீர்கள், ஏன் இந்தப் பெயர், இதற்கு என்ன சான்று என்று நேராக எழுதினாலே நடுவர் அதைப் படித்தாக வேண்டும். பழைய ரசீது, கடையின் ஒளிப்படம், தளத்தின் முதல் வடிவம் எல்லாமே சான்றுதான். நோட்டீஸ் வந்த பதற்றத்தில் 'வேண்டுமானால் இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு மின்னஞ்சலே உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாகிவிடும்.

வணிகக்குறிச் சட்டத்தைப் பெரிய நிறுவனங்களின் ஆயுதம் என்று மட்டும் பார்ப்பதும் சரியில்லை. 2020-இல் அமுல் கூட்டுறவு அமைப்பு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. முகவர் உரிமை தருவதாகச் சொல்லி, அமுல் பெயரைக் கொண்ட போலித் தளங்கள் மக்களிடம் பணம் பறித்துக்கொண்டிருந்தன. ஏமாந்தவர்கள் சேமிப்பை எடுத்துச் சிறிய தொழில் தொடங்க ஆசைப்பட்ட குடும்பங்கள். அப்படிப்பட்ட பெயரை முடக்கும்போது காப்பாற்றப்படுபவர் பெயரின் சொந்தக்காரர் மட்டும் அல்லர்.

உங்கள் பெயரை நீங்கள் காப்பாற்றிக்கொள்ள

வணிகக்குறிப் பதிவு நினைப்பதைவிட எளிது. இணையம் வழியாக விண்ணப்பித்தால், தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். முதலில் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே டொமைன் கிடைக்கிறதா என்பதோடு, அதே பெயரில் வணிகக்குறி ஏற்கெனவே உள்ளதா என்று பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இந்தத் தேடலுக்குக் கட்டணம் இல்லை.

சிறு ஊர்களில் நடக்கும் பெயர் இழப்புகளுக்குப் பெரும்பாலும் பதுக்கல்காரர்கள் காரணம் இல்லை என்பது என் எண்ணம். தளம் வடிவமைத்துக் கொடுத்தவர், வசதிக்காகத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் டொமைனைப் பதிந்துவிடுகிறார். சில ஆண்டுகளில் அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார், அல்லது பணத் தகராறு வருகிறது. புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் யாருக்கும் கிடைப்பதில்லை. இப்போது கடைக்காரர் பெயர் தன்னுடையது என்று நிரூபிக்க அலைய வேண்டும். பில்லில் பணம் கட்டியவர் யார் என்பதைவிட, பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் பதிவாளர் நிறுவனத்துக்குத் தெரியும். ஆகவே உரிமையாளர் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் மூன்றும் உங்களுடையவையாக இருக்கட்டும். கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கட்டும்.

புதுப்பிக்க மறந்த டாட் காம் பெயர் உடனே கைவிட்டுப் போவதில்லை. வழக்கமாகப் பதிவாளர் சில வாரங்கள் தவணை தருவார். அதற்குப் பிறகு பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாள்களுக்குள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதன் பின் 5 நாள் கழித்துப் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். மதிப்புள்ள பெயர்களைத் தானியங்கி மென்பொருள்கள் விழுந்த நொடியே எடுத்துக்கொள்கின்றன. அந்த 30 நாளும் ஓடிக்கொண்டிருந்தால், வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன் பதிவாளரின் உதவி எண்ணை அழையுங்கள். ஆயிரங்களில் முடியும் வேலை அது.